ஆகாஷ்: மலிவுக் கைக்கணினி கற்பித்த பாடம்

நுழையும்முன்

ஒரு கருவியை வாங்குவோர் அதன் பயனைப் பெறுகின்றனர். அதன் இயக்கத்தை அறிவோர் அப்பயனைத் தம் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்கின்றனர். விலை குறைந்த கைக்கணினி ஒன்றின் வழியே இவ்வேறுபாட்டை விளக்குகிறது இக்கட்டுரை.

தறியும் கணினியும்

சங்கரன்கோவில் போன்ற விசைத்தறி ஊர்களில் ஒரே தறியில் இன்று ஒருவகைச் சேலையும் நாளை வேறொரு வகைச் சேலையும் நெய்யப்படுவதுண்டு. தறி மாறுவதில்லை, பாவும் ஊடையும், பாவு நூலை ஏற்றியிறக்கும் முறையும் மாறுகின்றன. கணினியும் இத்தகையதே. தொட்டுணரத்தக்க உறுப்புகள் வன்பொருள். அவற்றை இயக்கும் கட்டளைத் தொகுப்பு மென்பொருள். வன்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு மென்பொருளை மாற்றினால், அதே கருவி வேறு பணி ஆற்றும்.

ஆகாஷின் வரவு

மாணவர் அனைவர்க்கும் எட்டும் விலையில் கைக்கணினி வழங்கும் நோக்குடன் இந்திய அரசு 2011 அக்டோபர் 5 அன்று புதுதில்லியில் 'ஆகாஷ்' கைக்கணினியை அறிமுகப்படுத்தியது. டேட்டாவிண்ட் நிறுவனம் தயாரித்த அதன் விலை ஏறத்தாழ 2,250 ரூபாய். ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் வேகமுடைய நுண்செயலி, 256 மெகாபைட் நினைவகம், ஆண்ட்ராய்டு 2.2 இயங்குதளம் ஆகியன அதன் கூறுகள். திரையை அழுத்தினால்தான் அது ஏற்கும், வேகம் குறைவு, மின்கலம் விரைவில் தீர்ந்துவிடும். குறைகள் வெளிப்படையாகப் பேசப்பட்டன.

அதன் பின்னர், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பங்களிப்புடன் திருத்திய வடிவமான 'ஆகாஷ் 2', 2012 நவம்பர் 11 அன்று வெளியிடப்பட்டது. மெல்லத் தொட்டாலே உணரும் திரை, 1 ஜிகாஹெர்ட்ஸ் நுண்செயலி, 512 மெகாபைட் நினைவகம், ஆண்ட்ராய்டு 4.0 ஆகியன அதில் இடம்பெற்றன.

பார்க்கும் கருவி, படைக்கும் கருவி

கைக்கணினி பெரும்பாலும் படிக்கவும் பார்க்கவும் பயன்படுவது. அதிலேயே நிரல் எழுதிப் பழக இயலுமா என்னும் வினாவை மும்பைக் கழகத்தினர் எழுப்பினர். சி, சி++, பைத்தான் ஆகிய மொழிகளில் நிரல் எழுதவும், சைலேப் கொண்டு கணக்கிடவும் உதவும் செயலிகளை ஆகாஷுக்கென உருவாக்கினர். ஒருபடி மேலே சென்று, ஆண்ட்ராய்டுக்கு மாற்றாக லினக்ஸ் இயங்குதளத்தையே அதில் இயக்கிக் காட்டினர்.

இம்மாற்றம் நிகழ்ந்த முறை அறியத்தக்கது. மின்விசையை அழுத்தியவுடன், நுண்செயலிச் சில்லுக்குள் நிலையாகப் பதிக்கப்பட்ட சிறு நிரல் ஒன்று முதலில் விழித்தெழுகிறது. 'இயங்குதளம் எங்கே உள்ளது?' எனத் தேடுவதே அதன் பணி. ஆகாஷ் 2இல் அமைந்த சில்லு, முதலில் நினைவக அட்டையில் தேடும்; அங்கு இல்லையெனில் மட்டுமே உள் நினைவகத்தை நாடும். ஆகவே, லினக்ஸ் பதிந்த அட்டையைச் செருகினால் லினக்ஸ் இயங்கும். அட்டையை எடுத்துவிட்டால் பழைய ஆண்ட்ராய்டு திரும்பிவரும். உள்ளிருப்பதை அழிக்காமலே புதியதைச் சோதிக்க இயன்றமையால், தவறு நேர்ந்தாலும் கருவி பாழாவதில்லை. கற்போர்க்கு இதனினும் ஏற்ற ஆய்வுக்கூடம் வேறில்லை.

உரிமையும் பொறுப்பும்

இத்தகைய மாற்றத்திற்கு இடமளிப்பது மூல நிரலின் திறந்த தன்மை. ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கருநிரல் பொதுமக்கள் உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. அதனைத் தம் கருவியில் சேர்த்து விற்கும் நிறுவனம், தான் செய்த மாற்றங்களுடன் அதன் மூல நிரலைப் பயனாளர்க்கு அளிக்கக் கடமைப்பட்டுள்ளது. எனினும் இன்று பல நிறுவனங்கள் இயங்குதளத்தை மாற்ற இயலாதவாறு கருவியைப் பூட்டியே விற்கின்றன. அந்நிறுவனம் புதுப்பித்தலை நிறுத்தியதும், உறுப்புகள் நன்னிலையில் இருந்தும் கருவி மின்னணுக் குப்பையாகிறது. பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கான நெறிமுறைகளை வகுக்க இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022இல் குழு அமைத்ததன் பின்னணியில் இத்தகைய சிக்கல்களும் அடங்கும்.

உரிமையுடன் பொறுப்பும் வேண்டும். உள் நினைவகத்தில் மாற்றம் செய்யுமுன் கோப்புகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். வேறு மாதிரிக்குரிய மென்பொருளைப் பதித்தால் கருவி செயலற்றுப் போகும், உத்தரவாதமும் இழக்கப்படலாம். உப்பிய லித்தியம் மின்கலத்தை அழுத்துவதும் குத்துவதும் தீ விபத்துக்கு வழிவகுக்கும். பள்ளியின் கருவியை அனுமதியின்றி மாற்றுதல் கூடாது.

நிறைவாக

ஆகாஷ் திட்டம் எண்ணிய பரப்பை எட்டவில்லை. ஆயினும், மலிவான கருவியின் மதிப்பை அதன் விலை மட்டும் வரையறுப்பதில்லை என்பதை அது மெய்ப்பித்தது. திறந்து பார்க்கவும் மாற்றவும் இடந்தரும் எளிய கருவி ஒரு மாணவரைப் பொறியாளராக்கும். பூட்டிய உயர்விலைக் கருவி அவரை நுகர்வோராகவே நிறுத்திவிடும்.

தெரியுமா?

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டம், லினக்ஸ், பைத்தான் முதலிய கட்டற்ற மென்பொருள்களைக் கற்பிக்கும் ஒலி-ஒளிப் பாடங்களைத் தமிழிலும் வழங்குகிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டில் பயன்பாடின்றிக் கிடக்கும் மின்னணுக் கருவிகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் பயனற்றுப்போனது வன்பொருளாலா மென்பொருளாலா எனக் கண்டறிந்து எழுதுக.

2. 'வாங்கிய பொருளை மாற்றியமைக்கும் உரிமை வாங்கியவர்க்கே உண்டு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.