வளைதகு வாயு உணரிகள்: ஒரு சமூகவியல் நோக்கு

கண்ணுக்குப் புலனாகாத வாயுவின் இருப்பை மின்குறியாக மாற்றித் தருவது வாயு உணரி. அண்மைக்காலத்தில் அது தோலில் ஒட்டவும் துணியோடு சேர்த்து நெய்யவும் தக்க மெல்லிய படலமாக உருமாறி வருகின்றது. இதனைத் தொழில்நுட்ப விந்தையாக மட்டும் கண்டு வியப்பதில் நமக்கு உடன்பாடில்லை. ஆபத்தை உணர்வது எவருடைய உடல், அவ்வறிவு சேர்வது எவர் கையில் என்னும் வினாக்கள் இக்கருவியின் வரலாறு முழுவதிலும் இழையோடி நிற்கின்றன.

அவ்வரலாற்றின் முக்கிய களம் நிலக்கரிச் சுரங்கமாகும். 1812 இல் இங்கிலாந்தின் பெலிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். 1815 இல் ஹம்பிரி டேவி கம்பிவலையாற் சூழப்பட்ட விளக்கொன்றை அமைத்தார். மெதேன் கலந்த காற்றில் அதன் சுடரைச் சூழ நீலநிறம் தோன்றும். எனவே விளக்கே உணரியாகவும் பயன்பட்டது. ஆயின் விளக்கு வந்தபின் சுரங்க மரணங்கள் குறையவில்லை. கூடின என்பதை 1835 ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தெரிவுக்குழு கண்டது. ஆபத்தானவை எனக் கைவிடப்பட்டிருந்த படைகளை, விளக்கு உண்டு என்ற துணிவில் உடைமையாளர் மீளத் திறந்தமை இதற்கு முக்கிய காரணமாகும். காவற்கருவி இலாபத்தின் கருவியாயிற்று. பிற்காலத்தில், ஜே. எஸ். ஹோல்டேனின் ஆலோசனைப்படி, காபனோரொட்சைட்டை அறியக் கனேரிப் பறவைகள் சுரங்கத்தினுட் கொண்டுசெல்லப்பட்டன. பிரித்தானியச் சுரங்கங்களில் அவற்றினிடத்தில் இலத்திரனியற் கருவியை வைக்கும் முடிவு 1986 இன் இறுதியிலேயே அறிவிக்கப்பட்டது.

யப்பானியரான தகுச்சி 1962 இல் காப்புரிமை கோரிய குறைகடத்தி உணரி வேறொரு தேவையிற் பிறந்தது; வீடுகளிற் சமையல் வாயு கசிவதை அறிவது அதன் நோக்கம். அதன் செயல்முறை எளியது. சூடாக்கப்பட்ட வெள்ளீய ஒட்சைட்டின் மேற்பரப்பில் ஒட்சிசன் படிந்து இலத்திரன்களைப் பற்றிக்கொள்ளும், மின்தடை உயரும். எரியத்தக்க வாயு வந்து அவ்வொட்சிசனோடு தாக்கமுற, இலத்திரன்கள் விடுபடும், தடை வீழும். ஆனால் இதற்குச் சில நூறு பாகை வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தை உடலிற் சுமத்தல் இயலாது. ஒட்சைட்டுப் படலமோ வளைந்தால் வெடிக்கும்.

இவ்விடத்திலேயே வளைதகு உணரி புகுகின்றது. மின்கடத்தும் பல்பகுதியங்கள், காபன் நுண்குழாய்கள், கிராபீன் ஆகியவை அறைவெப்பநிலையிலேயே வாயுவுக்குத் துலங்குவன. பொலியனிலீன் அமோனியாவைச் சந்திக்கும்போது புரோத்தன்களை இழந்து, கடத்துந்திறன் குன்றும். அதனை மெல்லிய பிளாத்திக்குத் தாளில் மை போல அச்சிடலாம். பெருந்தொகையாக, மலிவாக ஆக்கலாம். மூச்சுக்காற்றும் ஆய்வுக்குரியதாகியுள்ளது. நீரிழிவிற் கூடும் அசற்றோன், ஆஸ்துமாவிற் கூடும் நைத்திரிக்கு ஒட்சைட்டு, சிறுநீரக நோயிற் கூடும் அமோனியா ஆகியவற்றை ஊசியின்றி அறிய முயல்கின்றனர்.

எனினும் ஒரு முரண்பாட்டை ஆய்வேடுகள் பல மேலோட்டமாகவே தொடுகின்றன. உணரியை வளைத்தாலே அதன் தடை மாறிவிடும். ஆகவே பெறப்பட்ட குறி வாயுவினதா, கையை மடக்கியதினதா என்ற ஐயம் எழுகின்றது. நீராவியோ இதனினும் பெரிய இடர். உலர்ந்த நைதரசனிற் சோதிக்கப்பட்ட படலம், வியர்த்துக் குனிந்து நிமிரும் தொழிலாளியின் மார்பில் அதே விடையைத் தருமெனக் கொள்வதற்கில்லை. மூச்சுக்காற்று ஈரத்தால் நிறைந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. உழைக்கும் உடலை ஆய்வுகூடம் இன்னும் முழுமையாகச் சந்திக்கவில்லை என்பதே நமது கணிப்பு.

சந்தித்தபின்னரும் உடைமைப் பிரச்சினை எஞ்சும். தொழிலாளியின் சட்டையிலுள்ள உணரி நாள் முழுதும் பதிவு செய்யும். அப்பதிவு அவர் கைக்கும் தொழிற்சங்கத்துக்கும் வருமாயின், நட்டஈட்டு வழக்கில் அது சான்றாகும். நிருவாகத்தின் கணினிக்கு மட்டுமே செல்லுமாயின், நோய் அரும்பிய தொழிலாளியை முன்கூட்டியே விலக்குதற்கு அது வழியாகலாம்.

1984 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு போபாலில், யூனியன் காபைட்டுத் தொழிற்சாலையிலிருந்து மெதயில் ஐசோசயனேற்று வெளியேறி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அங்கே கசிவை அறியத் தொழிலாளர் நம்பியது தம் கண்ணெரிவையே. கண் எரியத் தொடங்கும் செறிவோ பாதுகாப்பான எல்லையினும் பன்மடங்கு கூடியது. கனேரியின் இடத்தில் அங்கு மனிதன் நின்றான். தொழிற்சாலையுள் ஒலிக்கும் சங்கும் ஊருக்கு ஒலிக்கும் சங்கும் 1982 இலேயே பிரிக்கப்பட்டிருந்தன. சிறு கசிவுகளுக்காக அயலவர் கலவரமடையலாகாது என்பது நிருவாகம் காட்டிய நியாயம். அன்றிரவு ஊருக்கான சங்கு சிறிது நேரம் ஒலித்தபின் நிறுத்தப்பட்டது. உட்சங்கு தொடர்ந்து ஒலித்தது.