கியர்பாக்ஸைக் கழற்றும் முன் கொஞ்சம் காது கொடுங்க! மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் சத்தங்களும் காரணங்களும்

ஆசை ஆசையாக வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். சிக்னலில் நிற்கும்போது அடியிலிருந்து 'கொர்ர்ர்' என்று ஒரு சத்தம். வொர்க்‌ஷாப்புக்குப் போனால், "கியர்பாக்ஸ் போயிடுச்சு" என்கிறார்கள். சேமிப்பில் பாதி அங்கேயே கரைந்துவிடும். உண்மையிலேயே கியர்பாக்ஸ்தானா?

இதற்குப் பதில் தேட மஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். 1989-ல் சிகாகோ ஆட்டோ ஷோவில் அறிமுகமான இரண்டு சீட் கார் இது. 2016-ல் 10 லட்சமாவது கார் தயாரானது. அதனால் வெளிநாடுகளில் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களும் ஏராளம். இன்ஜின் முன்னால், இழுவை பின்சக்கரங்களில். நடுவே கிளட்ச், கியர்பாக்ஸ், புரொபெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் என்று வரிசையாக இருக்கும். கியர்பாக்ஸையும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீளமான அலுமினிய ஃபிரேம் இணைக்கிறது. சத்தம் இதன் வழியாகவும் பயணிக்கும் என்பதால், கேட்கிற இடத்தில்தான் கோளாறு என்று முடிவு செய்ய முடியாது.

1. நின்றபடியே ஒரு டெஸ்ட்

ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிடுங்கள். கிளட்ச் பெடலில் கால் வைக்காதபோது சத்தம் வந்து, முழுவதும் மிதித்ததும் நின்றால், கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங் மீது சந்தேகப்படலாம். பெடலை மிதித்தால் அந்த ஷாஃப்ட்டுக்கு இன்ஜினோடு தொடர்பு அறுந்து சுழற்சி நின்றுவிடும். சத்தமும் நிற்கும்.

நேர்மாறாக, மிதிக்கத் தொடங்கும்போதுதான் சத்தம் ஆரம்பிக்கிறதா? அது பெரும்பாலும் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இதை மாற்றவும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆனால், கியர்பாக்ஸைப் பிரிக்கத் தேவையில்லை. இரண்டு செலவுக்கும் நிறைய வித்தியாசம். இறக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பார்த்துவிடுவது நல்லது. இன்னொரு முறை இறக்கும் கூலி மிச்சம்.

2. கியர் விழும்போது 'கர்ர்ர்'

ஒரே ஒரு கியரில் மட்டும் உரசல் என்றால், அந்த கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம். எல்லா கியரும் முரண்டு பிடித்து, ரிவர்ஸ் போடும்போதும் உரசினால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை என்று அர்த்தம். பழைய எம்எக்ஸ்-5 கார்களில் கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது பலருக்கும் தெரிந்த பிரச்னை. ஃப்ளூயிட் அளவு குறைந்திருக்கிறதா, சிலிண்டரின் ரப்பர் உறைக்குள் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸைத் தொடாமலே மாற்றக்கூடிய சின்ன பாகம் இது.

3. ஓடும்போது மட்டும் சத்தமா?

காலியான, நேரான சாலையில் ஒரே வேகத்தில் போய், கியரை மட்டும் மாற்றிப் பாருங்கள். கியர் மாறும்போது சத்தமும் மாறினால் இன்ஜின், கியர்பாக்ஸ் பக்கம் தேடலாம். மாறாமல், காரின் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பவைதான் காரணம்.

பழைய 5 கியர் மாடலில் நான்காவது கியர் 'டைரக்ட்'. அதில் சக்தி, பல் சக்கரங்களின் வழியே சுற்றிப் போகாமல் நேராகப் போகும். மற்ற கியர்களில் கேட்கும் இரைச்சல் நான்காவதில் மட்டும் அடங்கினால், கோளாறு கியர்பாக்ஸுக்குள்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

'ம்ம்ம்ங்' என்ற முனகல், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். மெதுவாக இடப்பக்கம் வளையும்போது 'ஹூம்ம்' என்ற சத்தம் கூடினால், எடை சாயும் வலப்பக்க வீல் பேரிங்கைப் பாருங்கள். வலப்பக்கம் வளைந்தால் இடப்பக்க பேரிங்.

4. கிளம்பும்போது 'டக்'

கிளட்ச்சை விட்டதும் ஒரு 'டக்' கேட்டால், எங்கோ லூஸ் இருக்கிறது. புரொபெல்லர் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட், டிஃபரன்ஷியல் புஷ், இன்ஜின் மவுன்ட், அலுமினிய ஃபிரேமின் போல்ட் என்று வரிசையாகச் சோதிக்க வேண்டும். காரைத் தூக்கி ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பார்க்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது.

ஆயில் சொல்லும் சேதி

கியர் ஆயிலை வடிக்கும்போது டிரெயின் பிளக்கின் காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மை போல மெல்லிய கறுப்புப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். உலோகச் சில்லுகள் கண்ணுக்குத் தெரிந்தால் உள்ளே ஏதோ உடைகிறது. புதிதாக ஊற்றும் ஆயில், காரின் கையேடு சொல்லும் கிரேடாக இருக்கட்டும்.

வீல் பேரிங், யுனிவர்சல் ஜாயின்ட் இரண்டிலும் சந்தேகம் வந்தால் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். வேகத்தில் போகும்போது இவை கைவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கிளட்ச் டெஸ்ட்டும் ஆயில் பரிசோதனையும் உங்கள் வீட்டு மேனுவல் காருக்கும் பொருந்தும். எந்த கியர், எந்த வேகம், பெடலில் கால் இருந்ததா, இல்லையா என்று மொபைலில் குறித்துக்கொண்டு, முடிந்தால் உடன் வருபவரை சத்தத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அதோடு போனால், "எதை இறக்கப் போறீங்க, ஏன்?" என்று மெக்கானிக்கிடம் நீங்கள் தைரியமாகக் கேட்கலாம்.