கடை லேப்டாப்புக்குக் கூலிங் பேடு அவசியமா?

கோடை பிறந்துவிட்டால் நம் பகுதிக் கடைக்காரர்களிடம் ஒரு குறை தவறாமல் கேட்கிறது. பில் போடும் லேப்டாப் சுடுகிறது, விசிறி இரைகிறது, மாலைக் கூட்ட நேரத்தில் தானாக அணைந்தும் விடுகிறது. 'கீழே ஒரு கூலிங் பேடு வாங்கி வையுங்கள், சரியாகிவிடும்' என்று யாராவது சொல்வார்கள். சில நூறு ரூபாய்ச் சாமான்தான். ஆனாலும் தேவையா என்று பார்த்து வாங்குவதே வியாபாரிக்கு அழகு.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் பில், சரக்கிருப்பு, பற்று வரவு எல்லாம் நம்மில் பலருக்கு அந்த ஒரு பெட்டிக்குள் போய்விட்டன. அது நின்றால் கல்லா நிற்கிறது. ஆகவே விஷயம் சிறியதன்று.

லேப்டாப்புக்குள்ளேயே ஒரு விசிறி உண்டு. பெரும்பாலானவற்றில் அது அடிப்பக்கத் துளைகள் வழியே காற்றை இழுத்து, பக்கவாட்டிலோ பின்புறமோ சூட்டை வெளியே தள்ளுகிறது. உள்ளிருக்கும் பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். பில் போடுவது அதற்கு லேசான வேலை. அந்த வேலைக்கே கொதிக்கிறது என்றால் பெரும்பாலும் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள்.

கூலிங் பேடு என்பது ஒன்றிரண்டு விசிறி பொருத்திய பலகை. அது ஏ.சி. அல்ல. கடைக்குள் 38 டிகிரி இருந்தால் அதே 38 டிகிரிக் காற்றைத்தான் வீசும். துளைகள் விசிறிக்கு நேராக இருந்தால் சில டிகிரி சூடு குறையலாம். அடியில் துளையே இல்லாத லேப்டாப்புக்குப் பலன் மிகக் குறைவு.

நம் பகுதிக்கு இன்னொரு சங்கதி உண்டு. அது தூசி. துறைமுக நிலக்கரித் தூசியால் இராயபுரம் பட்ட பாடு நாம் அறிந்ததே. நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாள்வது நின்று, அந்தச் சரக்கு எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. திருவொற்றியூர், எண்ணூர்ச் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி வேறு. கடைக்குள்ளே மாவு, மிளகாய்த்தூள், சாக்கு நார். இந்த இடத்தில் பேடு வைத்தால், காற்றோடு தூசியையும் சேர்த்து லேப்டாப்புக்குள் ஊதும். அடைப்பு இன்னும் சீக்கிரம் வரும்.

ஆகவே முதலில் காசு செலவில்லாத சோதனை ஒன்று. லேப்டாப்பை மூட்டை மேலோ துணி மேலோ வைக்காமல், கெட்டியான மேசையில், பின்பக்கம் ஓரங்குலம் உயரும்படி இரண்டு மரத்துண்டுகளின் மேல் வையுங்கள். துளைகளை மரத்துண்டு மறைக்கக் கூடாது. ஒரு வாரம் பாருங்கள். இரைச்சலும் சூடும் குறைந்தால் பேடு வேண்டியதில்லை.

குறையாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுத்து உள்விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். மாவும் தூளும் புழங்கும் கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்வது நல்லது. 2011-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் வாங்கிவந்த பழைய லேப்டாப்பைக் கடையில் ஓட்டுபவர்கள், பிராசஸர் மேல் தடவும் பசை காய்ந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம். இரவில் துணி போட்டு மூடுவதானால் முழுவதும் அணைத்து, சூடு ஆறியபின் மூடுங்கள்.

பேடு யாருக்கு உதவும்? தூசி குறைந்த மாடி அலுவலக அறையில், அடியில் துளையுள்ள லேப்டாப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கனமான வேலை பார்க்கும் மொத்த வியாபாரிக்கு உதவலாம். அவர் தாராளமாக வாங்கட்டும்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. லேப்டாப்பின் அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, விசைப்பலகை மேலே தூக்கினாலோ பாட்டரி வீங்கியிருக்கலாம். அதற்குப் பேடு பரிகாரம் ஆகாது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தி பாட்டரியை மாற்றுங்கள். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. எந்த லேப்டாப்பானாலும், கடை அடைக்கும் முன் அன்றைய கணக்கைப் பென்டிரைவில் ஒரு நகல் எடுத்துவைப்பதை உறுப்பினர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டுகிறோம்.