மல்லாட்டையும் கல்லீரலும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து வீடுகளில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை இல்லாமல் ஒரு நாள் கழிவது அரிது. காலை இட்லிக்கு அதில் சட்னி, மாலையில் வேகவைத்த காய் அல்லது வறுத்த பருப்பு, தாளிக்க அதன் எண்ணெய், மாட்டுத் தொட்டியில் அதன் பிண்ணாக்கு. எண்ணெய் வித்துகளுக்கான வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் திண்டிவனத்தில்தான் இருக்கிறது. 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 ரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பரவி, பல பத்தாண்டுகள் நிலைத்து நின்றது. அந்த டி.எம்.வி. திண்டிவனத்தைக் குறிப்பதுதான்.

100 கிராம் பருப்பில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. இந்த விலையில் இவ்வளவு புரதம் தரும் பொருள் நம் கடைகளில் அதிகம் இல்லை. ஆகவே மல்லாட்டையை ஒதுக்கச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாயில் கசந்ததும் துப்பிவிட்டு, பேச்சை விடாமல் அடுத்ததை எடுத்துப் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் சொத்தைப் பருப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வான்கோழிகள் காட்டிக்கொடுத்த நஞ்சு

1960-இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. காரணம் தெரியாமல் அதற்கு ‘வான்கோழி எக்ஸ் நோய்’ என்று பெயர் வைத்தார்கள். தேடிப் போனபோது தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டு நிலக்கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. அதில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை வளர்ந்திருந்தது. அது சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

நம் நாட்டில் இதற்கு மனித உயிர்களே பலியாயின. 1974 இறுதியில் ராஜஸ்தானின் பன்ஸ்வாரா, குஜராத்தின் பஞ்ச்மகால் பகுதிகளில் பழங்குடி மக்களுக்குக் காமாலை கண்டு, வயிற்றில் நீர் கோத்தது. பாதிக்கப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்து மழையில் நனைந்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றிச் சாப்பிட்டிருந்தார்கள். அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் வயிறு வீங்கியது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார்கள்.

இப்படி ஒரே வீச்சில் உயிரைப் பறிப்பது அரிது. சிறுகச் சிறுக, ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் போவதுதான் நம் ஊர்க் கவலை.

கல்லீரலுக்குள் நடப்பது

வலது விலாவுக்குக் கீழே ஒன்றரைக் கிலோ எடையில் இருக்கிறது கல்லீரல். உள்ளே வருகிற வேற்றுப் பொருளை மாற்றி வெளியேற்றுவது அதன் வேலை. அஃப்ளடாக்சின் பி1 என்ற வகை வந்தாலும் கல்லீரலின் நொதிகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் இங்கே விளைவு தலைகீழாகிறது. மாற்றத்தின்போது உண்டாகும் ஒரு வேதிப்பொருள் மூலத்தைவிடக் கொடியது. அது கல்லீரல் செல்லின் டி.என்.ஏ.வில் போய் ஒட்டிக்கொள்கிறது. செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53 என்ற மரபணுவில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அது பிழையை உண்டாக்குவதைக் கண்டறிந்திருக்கிறார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அஃப்ளடாக்சினை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

கல்லீரல் பாதி கெட்ட பிறகும் வலி காட்டாது. மதுவை மட்டும் அதன் எதிரியாக நினைப்பதால்தான், குடிக்காதவருக்கு ஏன் கல்லீரல் நோய் என்று பலர் வியக்கிறார்கள்.

வேர் முதல் சாக்கு வரை

பூஞ்சை எங்கிருந்தோ வந்து ஒட்டுவதில்லை, மண்ணிலேயே இருக்கிறது. காய் முற்றும் கடைசி வாரங்களில் மழை பொய்த்து நிலம் காய்ந்தால், கரையானோ புழுவோ ஓட்டைத் துளைத்தால், களைக்கொட்டு பட்டுக் காய் வெட்டுப்பட்டால், வயலிலேயே அது உள்ளே போய்விடும். பிறகு தேவைப்படுவது ஈரமும் கதகதப்பும். 25 முதல் 35 டிகிரி வரை அதற்கு ஏற்ற வெப்பம், அதாவது நம் ஊரின் சாதாரண நாள்.

செடியைப் பிடுங்கியதும் குவித்துப் போட்டால் உள்ளே புழுங்கும். காய் மேலே இருக்கும்படி செடியைத் திருப்பி வரிசையாகப் போட்டு உலர்த்தி, பிறகு ஆய்வது நல்லது. ஆய்ந்த காயைத் தார்ப்பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும். குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் வரவேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரியவேண்டும். ஈரப்பதம் 8 விழுக்காட்டுக்குக் கீழே போனால் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. மூட்டையைத் தரையில் வைக்காமல் கட்டைமேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு மழையில் நனைந்த சாக்கை வெளியில் உலர்த்தி மறுபடி கட்டிவைப்பது சிக்கனம்போலத் தெரியும், ஆனால் ஆபத்தானது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லவேண்டும். பருப்பு உடையாமல் இருக்கவும், ஓடு எளிதில் கழலவும் உடைப்பதற்கு முன் காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். பல நாள் வெயிலில் உலர்த்தியதெல்லாம் அந்த ஒரு குடத் தண்ணீரில் வீண். அந்தப் பருப்பை உடனே மறுபடி காயவைக்காமல் மூட்டை கட்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

ஒரு பருப்பின் கணக்கு

நேரடியாகத் தின்னும் பருப்பில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான் அஃப்ளடாக்சின் இருக்கலாம் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்பு. நன்றாகப் பூஞ்சை பிடித்த ஒற்றைப் பருப்பிலோ நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் இருக்கக்கூடும். 100 என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒன்று, 10 கிலோ நல்ல பருப்பை வரம்பின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிடும்.

வறுத்தால் கொஞ்சம் குறையும், வேகவைத்தால் போகாது. கையால் பொறுக்குவதுதான் வீட்டில் முடிகிற சிறந்த வழி. சுருங்கியது, நிறம் மாறியது, துளை விழுந்தது, பச்சையோ மஞ்சளோ படிந்தது எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் நஞ்சில் பெரும்பகுதி போய்விடும். அரைத்துப் பொடியாகவோ சட்னியாகவோ ஆக்கிவிட்டால் எதையும் பொறுக்க முடியாது, மசாலா காரம் கசப்பையும் மறைத்துவிடும். ஆகவே அரைப்பதற்கு முன்னால் ஒருமுறை முறத்தில் பார்த்துவிடுங்கள்.

கமிட்டி எனப்படும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நல்லதைக் கொண்டுபோய் விற்றுவிட்டு, நோஞ்சான் பருப்பை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்கிற விவசாயக் குடும்பங்கள் உண்டு. விளைவித்தவர் வீட்டுக்கே அதிக நஞ்சு போகிற இந்த ஏற்பாட்டை என்னால் சிக்கனம் என்று ஏற்க முடியவில்லை.

செக்கும் பிண்ணாக்கும்

பொறுக்கிய சொத்தையை என்ன செய்வது? ‘எண்ணெய் ஆட்டிவிடலாம்’ என்பதுதான் வழக்கமான பதில். ஆலையில் சுத்திகரிக்கும்போது இந்த நஞ்சு பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கெண்ணெயில் அந்தச் சுத்திகரிப்பு கிடையாது. மரச்செக்கு எண்ணெய் மேல் இப்போது எல்லோருக்கும் ஆசை. அந்த ஆசையில் தவறில்லை, செக்கில் போட்ட பருப்பு எப்படி இருந்தது என்று கேட்டு வாங்கவேண்டும், அவ்வளவுதான்.

எண்ணெயில் இறங்காத நஞ்சு பிண்ணாக்கில் தங்கும். மாடு தின்றால் ஒரே நாளுக்குள் அஃப்ளடாக்சின் எம்1 என்ற மாற்று வடிவில் பாலில் இறங்கும். காய்ச்சினாலும் போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் வெளியிட்ட நாடு தழுவிய பால் ஆய்வில், தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் 88-இல் இது வரம்பைத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் எண்ணிக்கையில் நம்முடையதுதான் அதிகம். கெட்ட தீவனத்தை நிறுத்தினால் சில நாட்களில் பால் தேறிவிடும். ஆகவே சொத்தையை மாட்டுக்கும் கோழிக்கும் போடாமல் குழியில் புதைப்பதே சரி.

கூட்டு சேரும் வைரஸ்

ஷாங்காய் நகரில் 18,000-க்கும் மேற்பட்ட ஆண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. அஃப்ளடாக்சின் மட்டும் உடலில் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 3 மடங்கு, ஹெபடைட்டிஸ் பி வைரஸ் மட்டும் இருந்தவர்களுக்கு 7 மடங்கு. இரண்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 60 மடங்கு.

பூஞ்சையை முழுதாக ஒழிக்க முடியாது, இந்த வைரஸைத் தடுக்க முடியும். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஒரு ஊசி, பிறகு 6, 10, 14-ஆவது வாரங்களில் இதையும் சேர்த்து ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி. அரசு மருத்துவமனைகளில் இவை இலவசம். 2011 டிசம்பரில் பென்டாவேலன்ட் இந்தியாவில் முதலில் வந்தது தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவர்கள். அவர்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம். வைரஸ் இல்லையென்றால் முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. வைரஸ் இருக்கிறது என்று வந்தால் கீழாநெல்லியோடு நின்றுவிடாமல், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் காட்டி, கல்லீரலை அவ்வப்போது பரிசோதித்து வரவேண்டும்.