எண்ணும் இங்கே எழுத்தே

ஊர் நூலகத்துக்கு வேர்ட்பிரஸில் இணையதளம் அமைத்துவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "புத்தகத்துக்கு ஒரு பதிவு போடுகிறேன். ஆசிரியர், ஆண்டு, பக்கம், விலை எல்லாவற்றையும் அதற்குள்ளேயே எழுதினால் போதாதா? கஸ்டம் ஃபீல்டு எதற்கு?"

படிக்கிறவருக்குப் போதும்; தேடுகிறவருக்குப் போதாது. எங்கள் வீட்டு மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை என்று கோடு கிழித்துப் பிரித்திருப்பார்கள். அதனால்தான் யாருக்கு எவ்வளவு செய்முறை என்று பார்த்த உடனே தெரிகிறது. கஸ்டம் ஃபீல்டும் அப்படிக் கோடு கிழிக்கிற வேலைதான்.

நீங்கள் நிரப்பும் ஃபீல்டுகள் 'போஸ்ட்மெட்டா' என்ற டேபிளுக்குப் போகின்றன. அதில் நான்கே நெடுவரிசைகள்: வரிசை எண், எந்தப் பதிவு, ஃபீல்டின் பெயர், அதன் மதிப்பு. புத்தகத்தின் விலையோ வீட்டு வாடகையோ, எந்தத் தகவலும் இந்த நான்கில் அடங்கிவிடும். புதிதாக ஒன்று சேர்க்க டேட்டாபேஸின் அமைப்பைத் தொடவே வேண்டாம்.

எனக்கு அலுக்காத அதிசயம் அந்த நான்காவது நெடுவரிசை. எல்லாவற்றுக்கும் பொதுவான இடம் என்பதால் அதில் இருப்பதெல்லாம் எழுத்து. 250 என்று இட்டாலும் மூன்று எழுத்துகளாகத்தான் உள்ளே போகிறது. பக்க எண்ணிக்கைப்படி சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொன்னால் 1000, 250, 90 என்று வந்து நிற்கும். இடப்பக்கத்திலிருந்து எழுத்தெழுத்தாக ஒப்பிடும்போது 1 முந்துகிறது, 9 பிந்துகிறது. 'மெட்டா_வேல்யூ' என்பதற்குப் பதில் 'மெட்டா_வேல்யூ_நம்' என்று கேட்டால்தான் அவற்றை எண்ணாக எடுத்துக்கொள்ளும்.

தேதிக்கு இன்னும் அழகான வழி உண்டு. 15-08-2024, 03-01-2025 என்று அப்படியே சேமித்தால் ஜனவரி 2025 முன்னால் வந்துவிடும். எலியட் காண்டன் 2011-இல் வெளியிட்ட அட்வான்ஸ்டு கஸ்டம் ஃபீல்ட்ஸ் என்ற பிளக்இன் இன்று தேதியை 20240815, 20250103 என்று ஆண்டை முன்வைத்துச் சேமிக்கிறது. எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் நாள் பிசகாது.

எல்லாவற்றையும் ஏற்கும் இந்தத் தாராளத்துக்கு ஒரு விலை உண்டு. பதிவு எண்ணுக்கும் ஃபீல்டு பெயருக்கும் விரைவாகத் தேட உதவும் இண்டெக்ஸ் இருக்கிறது, மதிப்புக்கு இல்லை. மதிப்பை வைத்துத் தேடினால், தளம் வளர வளர வேகம் குறையும். ஆகவே ஆசிரியர், துறை போலப் பல புத்தகங்களுக்குப் பொதுவானவற்றை வேர்ட்பிரஸின் வகைப்பாடான டாக்ஸானமியில் வையுங்கள். பக்கமும் விலையும் ஃபீல்டில் இருக்கட்டும். வேர்ட்பிரஸில் கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் பிளக்இன்னும் ஆர்டர்களைத் தனி டேபிள்களுக்கு மாற்றி, 2023-இல் புதிய கடைகளுக்கு அதையே வழக்கமாக்கியது.

என்னை வருத்துவது பெயர் வைப்பதில் காட்டும் அலட்சியம். ஒரே தளத்தில் விலை 'பிரைஸ்', 'பிரைஸ்1', 'நியூபிரைஸ்' என்று சிதறிக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எது புழக்கத்தில் இருக்கிறதென்று தெரியாமல் அடுத்து வருபவர் இன்னொன்றைத் தொடங்குவார். நூலகத் தளம் தன்னார்வலர்கள் கைமாறி நடப்பது. உங்களுக்குப் பின் வருபவர் உங்களிடம் கேட்க வாய்ப்பில்லாமல் போகலாம். அவருக்காக எழுதி வையுங்கள்: ஃபீல்டின் பெயர், அதில் என்ன இட வேண்டும், எதற்குப் பயன். நூலகரிடமும் ஒரு பிரதி இருக்கட்டும். விலையில் 'ரூ.' சேர்க்க வேண்டாம். எண் மட்டும் போதும், பக்கத்தில் காட்டும்போது சேர்த்துக்கொள்ளலாம். முதலில் பத்துப் புத்தகங்களை ஏற்றி, தேடியும் வரிசைப்படுத்தியும் பாருங்கள். சரியாக வந்த பிறகு அலமாரிக்குப் போங்கள்.