காலி பாக்கெட்டுக்கு ஒரு ஷாம்பு

சொந்தத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் முதலில் பழக வேண்டியது, வாங்குகிறவர் இருக்கும் இடத்துக்கே போய் நிற்பது. கடலூர் சி.கே. ரங்கநாதன் அப்படி வளர்ந்தவர். குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 1983-இல் 15,000 ரூபாயோடு தனியாகத் தொழில் தொடங்கினார். தந்தை சின்னி கிருஷ்ணனின் பெயரைச் சுருக்கித் தன் ஷாம்புவுக்கு 'சிக்' என்று பெயர் வைத்தார். சீயக்காயும் சோப்பும் தேய்த்துத் தலைமுழுகிய கிராமங்களுக்கு ஷாம்பு புதிது. அவருடைய ஆட்கள் அங்கேயே போய், ஊரார் பார்க்க ஒரு பையனின் தலையில் ஷாம்பு போட்டு அலசி, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அடுத்து, எந்த நிறுவனத்தின் காலி ஷாம்பு பாக்கெட் ஐந்து கொடுத்தாலும் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். எவ்வளவு துணிச்சலான யோசனை! விற்பனை ஏறியதும், சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினார். அவர் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய கெவின்கேர்.

வாங்குகிறவரைத் தேடிப் போகும் இந்தப் பழக்கத்துக்கு மூலதனம் வேண்டாம், கூச்சத்தை விட்டால் போதும். வாரத்தில் ஒரு நாளாவது கடையில் நின்று, வாங்காமல் திரும்புகிறவரிடம் காரணம் கேளுங்கள். வாதாடாமல் கேட்டு, அன்றைக்கே நோட்டில் எழுதி வையுங்கள்.