உங்களுக்குத் தெரியுமா? கப்பல் நிற்கும் கரையில் மாயா நகரங்கள்

அமெரிக்காவின் மயாமி, கால்வெஸ்டன் துறைமுகங்களிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்கள் மெக்சிகோ, பெலிஸ், குவாத்தமாலா கரைகளில் சில மணி நேரம் நின்றுவிட்டுப் போகின்றன. பெரும்பாலோர் கடற்கரையோடும் கடைவீதியோடும் திரும்பிவிடுகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழமையான நகரங்களோ அங்கிருந்து எட்டும் தூரத்தில் காத்திருக்கின்றன!

● இந்தக் கப்பல்களுக்கு முன்பே இங்கே ஒரு கடல்வழி இருந்தது. 1502-இல் தன் நான்காவது பயணத்தில் கொலம்பஸ், ஹோண்டுராஸ் கரையருகே பெரிய வணிகத் தோணி ஒன்றைக் கண்டார். நடுவில் ஓலைக்கூரை; உள்ளே பருத்தித் துணி, செப்புக் கோடரி, கொக்கோ விதை. அது மாயா வணிகர்களின் தோணி என்பது வரலாற்றாளர் பலரின் கருத்து.

● மெக்சிகோவின் கொசுமெல் தீவில் இறங்குபவர்கள் படகு மாறாமலே பார்க்கக்கூடிய இடம் சான் கெர்வாசியோ. மகப்பேற்றுக்கும் மருத்துவத்துக்கும் உரிய இஷ்செல் தேவியை வணங்க, மாயா பெண்கள் தோணியில் கடல் கடந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள்.

● மெக்சிகோவின் பெருநிலக் கரையில் உள்ள துலும் நகருக்கு மூன்று பக்கம் மதில், நான்காவது பக்கம் கடல். பாறை உச்சியில் கோயில். பாறைகளுக்கு இடையே தோணிகள் கரையேற மணல் திட்டு. 1518-இல் ஸ்பானியர் இந்தக் கரையோரமாக வந்தபோது இங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கொசுமெலிலிருந்து போவதென்றால் முதலில் படகில் பிளாயா தெல் கார்மென், பிறகு சாலை வழி.

● கோஸ்டா மாயா துறைமுகத்தில் இறங்கினால் அருகில் இருப்பது சக்சோபென். வெளியுலக ஆய்வாளர் இதைப் பதிவு செய்தது 1972-இல். பொதுமக்களுக்குத் திறந்தது 2002-இல். ஆனால் அதற்கெல்லாம் முன்பே மாயா குடும்பம் ஒன்று அந்த மேடுகளுக்கு நடுவில் பயிர் செய்து வாழ்ந்துவந்தது. ‘கண்டுபிடிப்பு’ என்று படிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

● மெக்சிகோவின் யுகாட்டான் கரையிலுள்ள ப்ரோக்ரேசோவில் கடல் அவ்வளவு ஆழமில்லை. அதனால் கப்பல் கரையை நெருங்க முடியாது. கரைதான் கப்பலைத் தேடிப் போகிறது! கடலுக்குள் சுமார் 6.5 கிலோமீட்டர் நீளும் துறைப்பாலம் உலகின் மிக நீளமானவற்றுள் ஒன்று. பயணிகளைப் பேருந்தில் ஏற்றித்தான் ஊருக்குக் கொண்டுவருகிறார்கள்.

● அதே ப்ரோக்ரேசோவிலிருந்து சிறிது தூரத்தில் சிபில்சல்துன். இங்குள்ள கோயில் ஒன்றில் ஏழு சிறிய களிமண் பொம்மைகள் கிடைத்ததால் ‘ஏழு பொம்மைக் கோயில்’ என்ற பெயர் நிலைத்தது. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் நாட்களில் உதயசூரியன் இதன் வாசல்களுக்கு நேராக வந்து நிற்கிறது.

● புகழ்பெற்ற சிச்சென் இட்சா, ப்ரோக்ரேசோவிலிருந்து சாலையில் சுமார் இரண்டு மணி நேரம். அங்குள்ள பிரமிடின் நான்கு பக்கமும் தலா 91 படிகள், உச்சி மேடை ஒன்று: மொத்தம் 365, ஆண்டின் நாட்கள்! ஏறுவதற்கு இப்போது அனுமதி இல்லை. போக வர நான்கு மணி நேரம் போய்விடும் என்பதால், நேரம் குறைவானவர்களுக்கு அருகிலுள்ள சிபில்சல்துனே நிறைவு தரும்.

● பெலிஸ் நகரத்திலும் கடல் ஆழமில்லை. நடுக்கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகுகளில்தான் ஆட்களைக் கரை சேர்க்கிறார்கள். அங்கிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் அல்துன் ஹா. 1968-இல் இங்கே ஒரு கல்லறையில் சூரியக் கடவுளின் பச்சை மணிக்கல் (ஜேட்) தலை கிடைத்தது. எடை 4.42 கிலோ. மாயா மணிக்கல் சிற்பங்களில் இதைவிடப் பெரியது கிடைத்ததில்லை.

● அந்தக் கல் பெலிஸில் விளைவதில்லை. மாயா உலகுக்கு மணிக்கல் தந்தது குவாத்தமாலாவின் மோதகுவா ஆற்றுப் பள்ளத்தாக்கு. அந்த ஆற்றங்கரை நகரம்தான் கிரிகுவா. சாந்தோ தோமாஸ் துறைமுகத்தில் இறங்குபவர்கள் போய்வரலாம். 738-இல் இந்தச் சிறிய ஊரின் அரசன், தன்னை ஆண்ட கோபான் நகரப் பேரரசனையே சிறைபிடித்துத் தலைகொய்தான். 771-இல் அவன் நிறுத்திய ஒற்றைக்கல் தூண், மண்ணுக்குள் இருக்கும் பகுதியையும் சேர்த்து 10.6 மீட்டர். இன்று குவாத்தமாலாவின் 10 சென்டாவோ நாணயத்தில் இருப்பது அதுவே.

● இவ்வளவையும் செதுக்கியபோது மாயா மக்களிடம் இரும்புக் கருவி இல்லை. வண்டி இழுக்க மாடோ குதிரையோ இல்லை. கல்லைக் கல்லாலேயே செதுக்கினார்கள். பாரங்களை ஆட்களே சுமந்தார்கள்.

● கொசுமெல், கோஸ்டா மாயா அடங்கிய கிந்தானா ரோ மாநிலம் 2015-இல் தன் கடிகார நேரத்தை மாற்றிக்கொண்டது. அதனால் கப்பல் நேரமும் கரை நேரமும் வேறுபடலாம். கப்பல் ஏற்பாடு செய்யும் சுற்றுலாவுக்குக் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர்களுக்கு அந்த உறுதி இல்லை. இறங்குமுன் கப்பல் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

● ‘மாயர்கள் மறைந்துபோனார்கள்’ என்பது தவறு. பல நகரங்கள் கைவிடப்பட்டன, மக்கள் மறையவில்லை. இன்றும் சுமார் 30 மாயா மொழிகளைப் பல இலட்சம் பேர் பேசுகிறார்கள். வாய்ப்பிருந்தால் மாயா வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். தம் முன்னோர் கட்டியதைத் தாமே சொல்லும் உரிமை அவர்களுடையது. அதற்கான கூலியும் அவர்கள் ஊருக்கே போய்ச்சேரும்.